இரண்டாம் கியர் நிற்காத வண்டி

என் மகள் மல்லிகா கம்போங் ராஜாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. போன மாதம் பழைய கார் ஒன்று வாங்கினாள். அதை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்த அன்று, சாப்பிட்டுக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்: "இறக்கத்துல சில நேரம் கியர் தானா கழண்டுக்குதுப்பா. மெக்கானிக் கிட்ட காட்டினேன். ஒண்ணும் இல்ல லா, ஓட்டுங்கன்னு சொல்லிட்டாரு."

நான் தட்டைத் தள்ளி வைத்தேன். அந்தக் காரை ஓட்டாதே என்றேன். அவள் சிரித்தாள். "எதுக்கெடுத்தாலும் பயம் உங்களுக்கு. ஆயிரம் வண்டி ரிப்பேர் பண்ண ஆளு, ஒரு கியருக்குப் போய் இப்படியா?" என்றாள்.

கண் பார்வை மங்கியதால் ஐம்பதைத் தாண்டியதுமே தேயிலைத் தோட்டப் பட்டறை வேலையிலிருந்து ஓய்வு பெற்றுக்கொண்டவன் நான். அங்கே இப்போது வேலை செய்யும் இளைஞர்கள், வெள்ளைக்காரர் ஆட்சியை எதிர்த்துக் கம்யூனிஸ்டுகள் காட்டுக்குள்ளிருந்து போராடிய அவசரகாலத்தைப் பற்றி எழுதிக் கொடுங்கள் என்று வெகு நாட்களாகக் கேட்டு வருகிறார்கள். அவர்கள் எதிர்பார்ப்பது துப்பாக்கிச் சண்டை. நான் ஒரு சண்டையையும் பார்த்ததில்லை. நான் பார்த்தது, ஒரு சின்னக் காரின் கியர்ப் பெட்டியால் ஒரு குடும்பம் நாடு கடத்தப்பட்டுக் கப்பலேறும் நிலைக்கு வந்ததை. மல்லிகாவும் அந்தக் காரில் இருந்தாள். அப்போது அவளுக்கு நடக்கக்கூடத் தெரியாது.

ஈப்போவில் ஆங்கிலப் பள்ளியில் சில வகுப்புகள் படித்து, அங்கேயே ஒரு சீனர் பட்டறையில் தொழில் பழகி, கேமரன் மலைத் தோட்டத்துக்கு உதவி பிட்டராக வந்து சேர்ந்தேன். வந்த கொஞ்ச காலத்தில் அவசரகாலம் வந்துவிட்டது. பட்டறையைச் சுற்றி முள்கம்பி போட்டார்கள். வாசலில் காவலுக்கு ஒரு ஜாகாவைத் துப்பாக்கியோடு நிறுத்தினார்கள். காட்டில் இருப்பவர்களுக்கு அரிசி போய்ச் சேரக்கூடாது என்பதற்காகப் புதுப் புதுச் சட்டங்கள் வந்தன. தேயிலைக் காட்டுக்குச் சோற்றுத் தூக்கு கொண்டு போகக்கூடாது. வண்டியில் சாக்கு, டின், மூட்டை எதுவும் இருக்கக்கூடாது. பட்டறைக்குள் ஒரு வண்டி வர வேண்டுமென்றால் ஜாகா உள்ளே குனிந்து பார்த்து, கழற்ற முடிந்த எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போட்ட பிறகுதான் விடுவான். அதனால் டிரைவர்கள் வீட்டிலிருந்து கிளம்பும்போதே வண்டியைக் காலி செய்துவிட்டுத்தான் வருவார்கள்.

எங்கள் போர்மன் பெயர் ஆரோக்கியம். தைப்பிங்கில் பிறந்தவர். நெட்டையான ஆள். காக்கிச் சட்டையின் கழுத்துப் பித்தானைக்கூட மாட்டியிருப்பார். ஒரு பழுது வந்தால் உடனே ஸ்பானரைக் கையில் எடுக்க மாட்டார். முதலில் டிரைவரை உட்கார வைத்து நடந்ததைச் சொல்லச் சொல்வார். சொல்லி முடித்ததும், "திரும்பச் சொல்லுங்க" என்பார். இரண்டு தடவைக்கும் நடுவில் எது மாறுகிறது என்று பார்ப்பார். கியர்ப் பெட்டியைத் திறந்தால் துத்தநாகத் தட்டில் வெள்ளைத் துணி விரித்து, கழற்றிய வரிசையிலேயே ஒவ்வொரு பாகத்தையும் மண்ணெண்ணெயில் கழுவி வைப்பார். அந்தத் தட்டின் மேல் யாரும் குனியக்கூடாது, பேசக்கூடாது. எச்சில் தெறிக்கும் என்பார். அவரிடம் இன்னொரு குணம் உண்டு. கண்ணால் பார்க்காத ஒன்றை நடந்ததாகச் சொல்லவே மாட்டார். "இருக்கலாம்" என்பார், "தெரியல" என்பார். "ஆமாம்" என்று சொன்னால் அதை அவர் பார்த்திருக்கிறார் என்று அர்த்தம்.

ஊருக்குத் திரும்பிப் போன ஒரு சின்னத் துரையிடமிருந்து தோட்டம் அந்தக் காரை வாங்கியிருந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரி லாரியைக் காவலுக்கு எடுத்துக்கொண்டதால், நோயாளிகளைத் தானா ராத்தா ஊரிலிருந்த பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக இந்தச் சின்ன வண்டி. முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர் நெருக்கி உட்காரலாம். ஓட்டியவர் மாரிமுத்து அண்ணன். தோட்டத்திலேயே பிறந்தவர். அதிர்ந்து பேசாதவர். பிரசவ வலியோடு ஒரு பெண் பின்னால் இருந்தால், கல்லில் சக்கரம் ஏறாமல் பார்த்துப் பார்த்து ஓட்டுவார் என்று லைன் வீடுகளில் எல்லோரும் சொல்வார்கள்.

அவர்தான் ஒருநாள் பட்டறைக்கு வந்து, இரண்டாம் கியர் நிற்கவில்லை என்றார்.

"எங்க?" என்று கேட்டார் போர்மன்.

"கீழ் ரோட்டு வளைவுலங்க. மூங்கில் பொதரு இருக்குல்ல, அதுக்கு நேரா."

"ஏறும்போதா?"

"எறங்கையிலங்க. கடக்குன்னு ஒரு சத்தம். இஞ்சின் சத்தம் அடங்கிப் போவுது, வண்டி பிச்சுக்கிட்டு ஓடுது. பிரேக்கப் புடிச்சு நிப்பாட்டி, திரும்ப கியரப் போட்டுத்தான் போக வேண்டியிருக்கு."

"தனியா போனா?"

"தனியா போனா ஒண்ணும் பண்றதில்லங்க. சீக்காளி பின்னால ஏறுனாத்தான்."

பக்கத்தில் டயர் ஒட்டிக்கொண்டிருந்தவன் சிரித்தான். "அப்ப வண்டிக்கும் சீக்கு பிடிக்குது போல. டிரெசர் ஐயாகிட்ட காட்டி ஒரு மருந்து ஊத்துங்கண்ணே."

"நீ டயரப் பாரு" என்றார் போர்மன். பிறகு மாரிமுத்துவிடம், "திரும்பச் சொல்லுங்க" என்றார். அவர் சொன்னது கொஞ்சமும் மாறவில்லை.

கியர்ப் பெட்டியை இறக்கினோம். கியரைப் போட்ட இடத்திலேயே பிடித்து நிறுத்துவதற்கு உள்ளே ஒரு சிறு இரும்புக் குண்டும், அதை அழுத்தும் ஸ்பிரிங்கும் இருக்கும். ஸ்பிரிங் தளர்ந்தால் கியர் கழன்று விழும். போர்மன் அந்தக் குண்டை ஜன்னல் பக்கம் கொண்டு போய் இரண்டு விரலுக்கு நடுவில் உருட்டி உருட்டிப் பார்த்தார். தேய்மானம் இல்லை. ஆனாலும் புது ஸ்பிரிங் போட்டோம். பின்சீட்டில் பட்டறை ஆட்கள் இரண்டு பேரை உட்கார வைத்து அதே வளைவில் இறங்கினோம். கியர் அசையவில்லை.

சில வாரங்கள் கழித்து அண்ணன் திரும்ப வந்தார். அதே புகார், அதே இடம். மறுபடியும் பெட்டியை இறக்கினோம். இந்த முறை இரண்டாம் கியரின் பல்சக்கரத்தையே ஈப்போவிலிருந்து வரவழைத்து மாற்றினோம். ஓட்டிப் பார்த்தோம். கல் போல் நின்றது. இன்னொரு முறையும் வந்தார். இன்ஜினைத் தாங்கும் ரப்பர்களை மாற்றினோம். கியர்க் கம்பி தரையிலிருந்து மேலே வரும் இடத்தில் குளிரையும் புகையையும் தடுக்க ஒரு ரப்பர் உறை இருக்கும். அது கிழிந்து போயிருந்தது. அதற்குப் புது உறை எங்கும் கிடைக்கவில்லை. கியர் கழல்வதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பதால், வரும்போது போடலாம் என்று விட்டுவிட்டோம்.

எங்கள் கையில் ஒரு தடவைகூட அந்தக் கியர் கழலவில்லை. அண்ணன் முகம் சிறுத்துப் போய்விட்டது. "எங்கிட்ட மட்டும் ஏங்க இப்படி வம்பு பண்ணுது?" என்று கேட்டார். போர்மன் "தெரியல" என்றார்.

மல்லிகாவுக்கு மூச்சு இழுப்பு வந்தது மழைக்காலத்தில். காலையில் தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரெசர் வந்து பார்த்துவிட்டு, இங்கே வைத்துக்கொண்டிருக்க வேண்டாம், தானா ராத்தாவுக்கு அனுப்பலாம் என்றார். எனக்குப் பட்டறையில் துரையின் ஜீப் வேலை. என் மனைவி சரசு குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு பின்சீட்டில் ஏறினாள். அண்ணனிடம், "பாத்துப் போங்கண்ணே" என்றேன். "நம்ம பிள்ளப்பா" என்றார்.

அந்த வளைவில் கியர் கழன்றது. அண்ணன் வண்டியை நிறுத்தி, கியரைப் போட்டு, கிளம்பினார். கீழே சந்திப்பில் இருந்த காவல் சாவடியில் வண்டியை மடக்கினார்கள். கொஞ்ச நாளாக அந்த வளைவுக்கு மேலே காட்டுக்குள் ஒரு போலீஸ் அணி ஒளிந்திருந்ததாம். தோட்டத்து ஆஸ்பத்திரிக் கார் ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில், மூங்கில் புதருக்கு நேராக, நிற்பதை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். வண்டியைச் சோதித்தார்கள். தரையில் விரித்திருந்த ஒரு சாக்கை உதறினார்கள். தையலுக்குள்ளிருந்து அரிசி விழுந்தது. ஒரு கைப்பிடிகூட இல்லை. சில மணிகள்தான். அண்ணனின் கைகளைப் பின்னால் கட்டினார்கள்.

சரசுவையும் குழந்தையையும் ஒரு போலீஸ் வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரியில் விட்டார்கள். செய்தி கேட்டு நான் போய்ச் சேர்ந்தபோது குழந்தைக்கு மூச்சு சீராகியிருந்தது. சரசு அவளை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "பிள்ளைய முதல்ல ஆஸ்பத்திரியில விடுங்க, அப்புறம் எங்க வேணும்னாலும் வரேன்னு கும்பிட்டாருங்க அந்த மனுசன். கும்பிட்ட கையத்தான் பிடிச்சுக் கட்டுனாங்க" என்றாள்.

அந்த நாட்களில் விசாரணை என்று ஒன்று இருக்காது. காட்டுக்கு உதவினான் என்று தாளில் எழுதினால் போதும், தடுப்பு முகாமுக்கு அனுப்பலாம். முகாமிலிருந்து குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பலேற்றலாம். அண்ணனும் அவர் மனைவி பாக்கியம் அக்காவும் இந்தியாவைப் பார்த்ததே இல்லை. அவர்களுக்கு மூன்று பிள்ளைகள்.

போலீஸ் துரை பட்டறைக்கு வந்தார். இளம் வயது வெள்ளைக்காரர். காட்டமாகப் பேசவில்லை. போர்மனிடம் ஆங்கிலத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். கியர் கழல்வதால்தான் நிறுத்தினேன் என்று டிரைவர் சொல்கிறான், இந்த வண்டியில் அப்படி ஒரு பழுது உண்டா?

போர்மன் கைகளைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அவர் மூன்று முறை புகார் செய்தார். மூன்று முறையும் திறந்து பார்த்தோம். பழுதை நாங்கள் காணவில்லை."

துரை போன பிறகு எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. "ஐயா, கழண்டுச்சுன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன குறைஞ்சிடும்?"

"நீ பாத்தியா?"

"பாக்கல."

"நானும் பாக்கல."

"அந்தாளு பொய் சொல்றவரா? எம்பொண்டாட்டி அந்த வண்டியில இருந்தா. சத்தத்தக் காதால கேட்டிருக்கா."

"உன் சம்சாரத்த அவரு கேக்கல. வண்டியக் கேட்டாரு. வண்டியில நான் பாத்தத சொன்னேன்." கை துடைத்த துணியை மடித்து வைத்தார். பிறகு, "இன்னைக்கு நான் ஒரு பொய்யச் சொல்லி, நாளைக்கு அது பொய்னு தெரிஞ்சா, அப்புறம் இந்தப் பட்டறையிலருந்து வர்ற எந்த வார்த்தையும் மாரிமுத்துவக் காப்பாத்தாது" என்றார். அதைக் கேட்கும் மனநிலையில் நான் இல்லை. அன்று முழுவதும் அவரோடு பேசவில்லை.

தோட்டத்து மேனேஜரான பெரிய துரை தலையிட்டதால் ஒரு முறை ஓட்டிப் பார்க்கப் போலீஸ் துரை சம்மதித்தார். நான் ஓட்டினேன். அவர் பக்கத்தில், பின்னால் கனமான இரண்டு போலீஸ்காரர்கள். காவலுக்கு ஒரு வண்டி எங்கள் பின்னால். கழன்று விழு, கழன்று விழு என்று மனதுக்குள் கெஞ்சிக்கொண்டே இறங்கினேன். கியர் ஆடக்கூட இல்லை. சாவடியில் நிறுத்தியதும் போலீஸ் துரை தொப்பியை எடுத்துத் தலையைத் துடைத்துக்கொண்டார். வண்டி நன்றாகத்தானே இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

அடுத்த நாள் மாலை பாக்கியம் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். கடைசிப் பிள்ளை இடுப்பில். சரசு தேநீர் கொடுத்தாள். அக்கா குடிக்கவில்லை.

"தம்பி, நீங்க இங்கிலீசு பேசுவீங்க. என்னைய அந்தப் போலீசு துரைகிட்ட கூட்டிட்டுப் போங்க."

"போய் என்னக்கா சொல்லப் போறீங்க?"

"அந்தச் சாக்க நான்தான் தெச்சேன். அரிசி வாங்குன சாக்கு. நல்லா ஒதறாம தெச்சது என் தப்பு. என்னையப் பிடிச்சு வெச்சிக்கிட்டு அவர விடச் சொல்லுங்க."

"உங்களையும் பிடிப்பாங்க, அவரையும் விட மாட்டாங்க. பிள்ளைங்கள யாரு பாப்பா? எதுக்குக்கா வண்டிக்குச் சாக்கு?"

"கம்பிக்கிட்ட ரப்பரு கிழிஞ்சு குளிரு ஊதுதுல்ல. சீக்காளிங்க வெறுங்காலோட வராங்க. பாவமா இருக்கு, ஏதாவது தெச்சுக் குடுன்னாரு. நாலு மடிப்பா மடிச்சு, மெத்த மாதிரி தெச்சேன். கியரு கம்பி வர்றதுக்கு நடுவுல ஒரு ஓட்டை. முன்னாலருந்து பின் சீட்டு வரைக்கும் ஒரே துண்டு."

நான் கேட்டேன்: "பட்டறைக்கு வரும்போது அத என்ன பண்ணுவாரு?"

"ஜாகா பாத்தா தொல்லைன்னு வீட்டுல எடுத்து வெச்சிட்டுத்தான் வருவாரு. சாக்குன்னு வாயெடுத்தாலே பயமால்ல இருக்கு."

உள்ளே குழந்தையைத் தட்டிக்கொண்டிருந்த சரசு எட்டிப் பார்த்தாள். "ஆமாங்க, காலுக்கு நல்லா கதகதப்பாத்தான் இருந்துச்சு. ஆனா இறக்கத்துல காலு நிக்கல. பிள்ளைய மடியில வெச்சிக்கிட்டு ஊணி ஊணி உக்காந்திருந்தேன். சாக்கு வழுக்கி வழுக்கி முன்னால போயிட்டே இருந்துச்சு."

அந்த வண்டியில் இரண்டாம் கியர் போடக் கம்பியைப் பின்னால் இழுக்க வேண்டும். முன்னால் தள்ளினால் கழன்றுவிடும். இறக்கத்தில் பின்னால் இருப்பவர் காலை ஊன்றும்போது, நாலு மடிப்புச் சாக்கு முன்னால் நகர்கிறது. ஓட்டையின் பின் விளிம்பு கம்பியில் முட்டுகிறது. இன்னும் ஊன்றினால் கம்பியைத் தள்ளுகிறது. தனியாகப் போனால் தள்ள ஆள் இல்லை. பட்டறைக்கு வந்தபோதும், போலீஸ் துரையோடு ஓட்டியபோதும் சாக்கே இல்லை. நாங்கள் கியர்ப் பெட்டியைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

போர்மன் வீட்டுக்கு ஓடினேன். பழைய கோபமெல்லாம் நினைவுக்கே வரவில்லை. அவர் முகம் மழித்துக்கொண்டிருந்தார். பாதி முகத்தில் சோப்பு. நான் சொல்லி முடித்ததும், "திரும்பச் சொல்லு" என்றார். சொன்னேன். சோப்பைத் துடைத்துக்கொண்டு சட்டையை மாட்டினார், கழுத்துப் பித்தான் வரை.

"ஐயா, வேற ஒரு சாக்க மடிச்சு வெச்சுக் காட்டிடலாமா?"

"நாம சோடிச்சதும்பாங்க. அதே சாக்கு வேணும். அதே ஆளு பின்னால உக்காரணும்."

அதே ஆள் என்றால் சரசு.

"பிள்ளை வேணாம்பா" என்றார் அவர். "பிள்ளைக்குப் பதிலா ஏதாவது மூட்டை வெச்சிக்கட்டும்."

சாக்கு போலீஸ் நிலையத்தில் கட்டி முத்திரையிடப்பட்டிருந்தது. அதுதான் அண்ணனுக்கு எதிரான சான்று. அதையே திரும்பக் கேட்க நாங்கள் போனோம். கியர் கழலும் என்று நான் சொல்லவில்லை என்றார் போர்மன் போலீஸ் துரையிடம். கழல்கிறதா என்று பார்க்க அனுமதி கேட்கிறேன், உங்கள் கண் முன்னால், உங்கள் கையில் இருக்கும் சாக்கை வைத்து. துரை அவரை நிமிர்ந்து பார்த்தார். முன்பு ஒரு முறை தன் டிரைவருக்கே சாதகமில்லாத பதிலைச் சொன்னவர் இவர் என்பது அவர் நினைவில் இருந்திருக்க வேண்டும். முத்திரையை அவரே உடைத்தார்.

மறுநாள் காலை வெயில் வந்த பிறகு கிளம்பினோம். நான் ஓட்டினேன். துரை என் பக்கத்தில். பின்னால் போர்மனும் சரசுவும். சரசுவின் மடியில் ஒரு தலையணை. காவல் வண்டி பின்னால் வந்தது. சாக்கை விரித்து, ஓட்டைக்குள் கம்பியை நுழைத்து, சுருக்கம் இல்லாமல் இழுத்து விட்டதும் போலீஸ் துரையேதான். போர்மன் கை வைக்கவில்லை.

"அன்னைக்கு எப்படி உக்காந்தியோ அப்படியே உக்காரும்மா" என்றார் போர்மன். "வேணும்னு எதுவும் செய்யாத."

"அன்னைக்கு அழுதுக்கிட்டே உக்காந்திருந்தேங்க" என்றாள் சரசு.

"அது வேண்டாம்."

இறக்கம் ஆரம்பித்ததும் இரண்டாம் கியருக்கு இழுத்தேன். எனக்கு இரண்டு பயம். கழலாவிட்டால் அண்ணன் கதி முடிந்தது. கழன்றால் ஒரு பக்கம் பள்ளம், பின்சீட்டில் என் மனைவி, வீட்டில் தாயில்லாமல் போகக்கூடிய என் குழந்தை. கைப்பிரேக்கை எந்த நேரமும் பிடிக்கத் தயாராக இருந்தேன். முதல் வளைவில் ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த வளைவில் பிரேக்கை மிதித்தபோது சரசுவின் பாதம் உரசும் சத்தம் கேட்டது. மூங்கில் தெரிந்தது.

கடக்.

அந்தச் சத்தத்தை இவ்வளவு காலத்துக்குப் பிறகும் என்னால் கேட்க முடிகிறது. கியர்க் கம்பி என் முழங்காலை விட்டு முன்னால் துள்ளியது. இன்ஜின் இரைச்சல் சட்டென்று அடங்கியது. பிடியை விட்ட வண்டி பள்ளத்தைப் பார்த்துப் பாய்ந்தது. காலால் ஒன்றும் கையால் ஒன்றுமாக இரண்டு பிரேக்கையும் பிடித்தேன். பின்சக்கரம் சறுக்கி, வண்டி ஓரத்துப் புல்லில் போய் நின்றது. இன்ஜினை அணைத்தேன்.

மேலே காடு. துரையின் கை இடுப்புத் துப்பாக்கி மேல் போனதைப் பார்த்தேன். அந்த இடத்தில் நிற்பது என்றால் என்ன என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்திருக்கும். அண்ணன் எத்தனையோ முறை, நோயாளிகளைப் பின்னால் வைத்துக்கொண்டு, அங்கே நின்றிருக்கிறார்.

"யாரும் காலை எடுக்காதீங்க" என்றார் போர்மன். பின்சீட்டிலிருந்து குனிந்து, ஆங்கிலத்தில், "கீழே பாருங்கள்" என்றார்.

துரை குனிந்தார். சாக்கு கம்பிக்குப் பின்னால் கட்டையாகக் குவிந்து, அதை முன்னால் நெட்டிக்கொண்டிருந்தது. சரசுவின் இரண்டு பாதங்களும் அதன் மேல் ஊன்றியபடி இருந்தன. அவள் கண்ணை மூடிக்கொண்டு தலையணையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

துரை கையால் சாக்கைப் பின்னுக்கு இழுத்தார். கியரைப் போடச் சொன்னார். பிறகு தானே சாக்கை முன்னால் தள்ளினார். கம்பி நகர்ந்தது. இன்னொரு முறை செய்து பார்த்தார்.

"இப்போது என்ன சொல்கிறீர்கள்?" என்று போர்மனைக் கேட்டார்.

"வண்டியில் பழுது உண்டு. நான் பார்த்தேன்" என்றார் போர்மன்.

அரிசிக்கு என்ன பதில் என்று துரை கேட்டார். தோட்டத்தில் யாரிடமும் வேறு சாக்கு கிடையாது, ரேஷன் அரிசி வரும் சாக்கில்தான் குழந்தைகள்கூடத் தூங்குகின்றன, அதையும் நான் பார்த்திருக்கிறேன் என்று போர்மன் சொன்னார். துரை சாக்கை மடித்துத் தானே எடுத்துக்கொண்டார்.

அன்றே விட்டுவிடுவார்கள் என்று நினைத்தோம். விடவில்லை. மேலிடத்துக்கு எழுத வேண்டும் என்றார்கள். பாக்கியம் அக்கா தினமும் வாசலில் நின்று, கீழிருந்து வரும் ஒவ்வொரு வண்டியையும் பார்த்துக்கொண்டிருந்தார். இடையில் ஒருநாள், முகாமுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, பிள்ளைகளின் துணிகளை மூட்டை கட்டிவிட்டார். போர்மன் அந்த நாட்களில் பழைய பெல்ட் தோலை வெட்டி, கியர்க் கம்பிக்கு ஒரு உறை தைத்துக்கொண்டிருந்தார். தைத்ததைப் பிரித்துத் திரும்பவும் தைத்தார்.

மழை விட்டிருந்த ஒரு நாள், அண்ணன் பிரதான சாலையிலிருந்து தோட்டம் வரை நடந்தே வந்து சேர்ந்தார். விட்டுவிட்டார்கள், காரணம் சொல்லவில்லை. கன்னம் ஒட்டிப் போயிருந்தது. லாக்கப்பில் என்ன நடந்தது என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. "பசியாறிட்டீங்களாண்ணே?" என்று கேட்டேன். அந்த ஒரு கேள்விக்கே அவர் கண் நிறைந்துவிட்டது.

பெரிய துரை அவருக்கு அதே வண்டியைத் திரும்பக் கொடுத்தார். முதல் நடையில் என்னையும் கூட அனுப்பினார். பின்சீட்டில் கால் முறிந்த ஒரு பெரியவர், அவர் மகள். தரை வெறுமையாக இருந்தது. தோல் உறை குளிரை நன்றாகத் தடுத்தது. அண்ணன் எப்போதும் போல் கல் பார்த்து, குழி பார்த்து ஓட்டினார். இறக்கம் ஆரம்பித்ததும் இரண்டாம் கியருக்கு இழுத்தார். இழுத்த கையை எடுக்கவில்லை. கம்பியைப் பின்னால் அழுத்திப் பிடித்தபடி, ஒரு கையாலேயே வளைவுகளைத் திருப்பினார். அப்படிப் பிடித்திருந்தால் கியர்ப் பெட்டிக்குள் தேய்மானம் வரும். பட்டறையில் யாராவது செய்தால் திட்டுவோம்.

மூங்கில் புதரைக் கடந்தோம். கியர் நின்றது.

"அண்ணே, கைய எடுங்க. இனிமே கழலாது. காரணம்தான் தெரிஞ்சுபோச்சே."

"தெரியும்பா" என்றார்.

சாவடி வந்தது, போலீஸ்காரன் எட்டிப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னான். சமதரையும் வந்தது. அவர் கை அந்தக் கம்பியின் மேலேயே இருந்தது.